மனச்சோர்வை ஸ்கேனில் பார்க்க முடியுமா? உணர்ச்சி, சிந்தனை, எஃப்எம்ஆர்ஐ: விவாத இழை

வளவு, காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி உளவியல் படிக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் ஆய்வு முன்வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கோபமான முகம், பயந்த முகம் காட்டினால் அமிக்டலா (மூளையின் உள்ளே, உணர்ச்சியோடு தொடர்புள்ள சிறு பகுதி) எவ்வளவு தூண்டப்படுகிறது என்று எஃப்எம்ஆர்ஐயில், அதாவது மூளை வேலை செய்யும்போதே படமெடுக்கும் எம்ஆர்ஐயில், பார்ப்பதுதான் திட்டம். மதுரையில் ஒரு 3 டெஸ்லா எம்ஆர்ஐயில் ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைக்கும் போலிருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் 20 பேர், இல்லாதவர்கள் 20 பேர் என்று போட்டிருக்கிறோம்.

மூன்று சந்தேகம். இந்த எண்ணிக்கை போதுமா? முகத்துக்குப் பதில் தமிழ்ச் சொற்களைக் காட்டலாமா? மூன்றாவது, எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி. இந்தப் பக்கம் பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருப்பார், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஆச்சி பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் இருந்தால் "மூளையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க, டிப்ரெஷனான்னு தெரிஞ்சிடும்" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பள்ளத்தூர் டாக்டர், மனநல மருத்துவம்

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் நோயாளி காத்திருக்கிறார்.

ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று சொல்லும் ஸ்கேன் இன்றைக்குக் கிடையாது. எம்ஆர்ஐ, சிடி, பெட், ஸ்பெக்ட் எதுவும் அதைச் சொல்லாது. உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வாரமாவது, பெரும்பாலான நாட்களில், மனம் தாழ்ந்திருக்கிறதா, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்கிறோம். இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, களைப்பு, கவனம், பேச்சும் நடையும் மந்தமாவது, குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு எல்லாம் சேர்த்து ஒன்பதில் ஐந்து இருந்தால் நோய் என்கிறோம்.

ஸ்கேன் தேவைப்படுவது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய. அறுபதுக்குப் பிறகு முதல் தடவையாக இப்படி ஆகியிருந்தால் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். மறதி வேகமாகக் கூடுவது, ஒரு பக்கம் கை கால் பலவீனம், வலிப்பு, வாந்தியோடு தலைவலி, குணமே மாறிப்போவது, நடை தடுமாறிச் சிறுநீர் அடக்க முடியாமல் போவது இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மந்தமாகிப் பேச்சு குறைந்தால் அது பார்வைக்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து தேங்கிய ரத்தமாக இருக்கலாம். சாதாரண சிடியே காட்டிக்கொடுத்துவிடும், அன்றைக்கே எடுக்க வேண்டும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் ஸ்கேனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை: டிஎஸ்எச் (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, சோடியம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், குறிப்பாக ஸ்டீராய்டு. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். காது மந்தமான பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வது சகஜம். உடனே ஆலோசனை வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

முகப்பு, கானாடுகாத்தான்

டாக்டர், ஒரு சந்தேகம். அப்பத்தாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் "வெண்பொருளில் வயது சார்ந்த மாற்றங்கள், ஃபசேகாஸ் 1" என்று போட்டிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு அதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள்.

பள்ளத்தூர் டாக்டர்

ஃபசேகாஸ் என்பது வெண்பொருளில், அதாவது மூளையில் நரம்பிழைகள் ஓடும் பகுதியில், தெரியும் புள்ளிகளுக்கான அளவுகோல், 0 முதல் 3 வரை போகும். 1 என்றால் அங்கங்கே சிறு புள்ளிகள். எழுபது வயதுக்காரர்களில், மனம் நன்றாக இருப்பவர்களுக்கும், மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது.

2, 3 என்று புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாக இருந்தால் கதை கொஞ்சம் வேறு. வயதான காலத்தில் வரும் மனச்சோர்வில் ஒரு வகை, சிறு ரத்தக்குழாய்கள் கெட்டு, முன்மூளைக்கும் உள்மூளைக்கும் போகும் இணைப்புகள் நலிவதால் வருகிறது என்ற கருத்தை 1997-இல் அலெக்ஸோபூலஸ் குழுவும் கிருஷ்ணன் குழுவும் முன்வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அழுகையைவிட மந்தம் அதிகம். திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கஷ்டம். மருந்துக்குப் பலன் மெதுவாகத் தெரியலாம். அப்போதும் செய்ய வேண்டியது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தொடர்வதுதான். உங்கள் அப்பத்தாவுக்கு இந்த ரிப்போர்ட்டால் சிகிச்சை மாறாது. காரணம் மூளையில் தெரிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று யாராவது விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வோக்சல், கோட்டையூர்

ஸ்கேன் நோயைச் சொல்லாது என்றால் முப்பது வருஷமாக ஆராய்ச்சியாளர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்குப் படம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

எஃப்எம்ஆர்ஐ நரம்பணுவின் வேலையை நேராக அளப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் தேவைக்கு மேலேயே வந்து சேரும். ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றுக் கலைக்கும். அது அடித்துச் செல்லப்பட்டதும் சிக்னல் லேசாகக் கூடும். இதை 1990-இல் செய்ஜி ஒகாவா குழு எலிகளில் காட்டியது. இந்த ஏற்றம் உச்சிக்குப் போக 5, 6 வினாடி ஆகும். அளவு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இவ்வளவு மெல்லிய மாற்றத்தைப் பிடிக்கத்தான் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறோம்.

உணர்ச்சிப் பக்கம் கிடைத்தவற்றுள் 2001-இல் ஷெலின் குழு செய்தது முக்கியமானது. பயந்த முகத்தைக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் காட்டி, உடனே சாதாரண முகத்தால் மறைத்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் இடது அமிக்டலா கூடுதலாகத் தூண்டப்பட்டது, மருந்துக்குப் பிறகு தணிந்தது. 2002-இல் சீகிள் குழு செய்தது எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. எதிர்மறைச் சொற்களைக் காட்டியபோது, நோய் இல்லாதவர்களின் அமிக்டலா 10 வினாடிக்குள் அடங்கிவிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, அடுத்து உணர்ச்சியற்ற வேறு வேலை கொடுத்த பிறகும் 25 வினாடி வரை அடங்கவில்லை. ஆக, தூண்டல் எவ்வளவு உயரம் போகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது முக்கியமாக இருக்கலாம். அசைபோடும் மனம் என்கிறோமே, அதோடு இது பொருந்துகிறது. ஆனால் அந்த ஆய்வில் நோயாளிகள் ஏழே பேர். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சிந்தனைப் பக்கம். சற்று முன் வந்த எழுத்தை நினைவில் வைத்து ஒப்பிடும் என்-பேக் பயிற்சியில், சரியான விடைகளின் எண்ணிக்கை சமமாக இருந்தாலும் மனச்சோர்வு உள்ளவர்களின் பக்கவாட்டு ப்ரீஃப்ரன்டல் பகுதியும் (நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை) சிங்குலேட்டும் (மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில், உட்பக்கம் இருக்கும் மடிப்பு) கூடுதலாக வேலை செய்ததைச் சில ஆய்வுகள் கண்டன. அதே விடைக்கு அதிக உழைப்பு என்று ஒரு விளக்கம். உணர்ச்சியைத் தணிக்கச் சொல்லிப் பார்த்தார்கள், 2007-இல் ஜான்ஸ்டன் குழு. படத்தை வேறு கோணத்தில் யோசித்து வருத்தத்தைக் குறையுங்கள் என்றால், நோய் இல்லாதவர்களில் முன்மூளை கூடும்போது அமிக்டலா இறங்குகிறது. நோயாளிகளிடம் முன்மூளை இரண்டு பக்கமும் பாடுபடுகிறது, அமிக்டலா அதற்கேற்ப இறங்கவில்லை. "மனசை மாத்திக்க வேண்டியதுதானே" என்று வீட்டில் சொல்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் இடம் சிங்குலேட்டின் கீழ்முனை, மூளை வரைபடத்தில் பிராட்மன் 25 என்று எண்ணிட்ட இடம். 1999-இல் ஹெலன் மேபர்க் குழு பெட் ஸ்கேனில் கண்டது: நலமாக இருப்பவர்களைச் சோகமான நினைவில் ஆழ்த்தினால் 25 ஏறுகிறது, வலது ப்ரீஃப்ரன்டல் இறங்குகிறது. மனச்சோர்வு மருந்தால் தேறியவர்களிடம் இது அப்படியே தலைகீழ்.

ஐந்தொகை, தேவகோட்டை

வோக்சல் எழுதியது அத்தனையும் சரி, ஆனால் வரவுப் பக்கம் மட்டும்தான் வந்திருக்கிறது. பற்றுப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

2017-இல் முல்லர் குழு ஜாமா சைக்கியாட்ரியில் வெளியிட்டதைப் பாருங்கள். மனச்சோர்வில் உணர்ச்சி, சிந்தனை இரண்டையும் சோதித்த 99 ஸ்கேன் பரிசோதனைகள், 1,058 நோயாளிகள். எல்லா ஆய்வுகளும் மூளையில் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று கடுமையான விதிகளோடு தேடினார்கள். ஓர் இடம்கூடத் தேறவில்லை.

2022-இல் விண்டர் குழு: 861 நோயாளிகள், 948 நலமானவர்கள், கட்டமைப்பும் செயலும் சேர்த்துப் பல வகைப் படங்கள். இரண்டு குழுக்களின் பரவலும் 87 முதல் 95 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது. ஒரு படத்தைக் கையில் கொடுத்து நோயாளியா இல்லையா என்று கேட்டால் 54 முதல் 56 சதவீதம்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. காசைச் சுண்டினாலே 50 வரும்.

நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் சுருங்குகிறது என்பது நிலைத்து நிற்கும் முடிவு. பல நாட்டு ஆய்வுக்குழுக்களின் எனிக்மா கூட்டமைப்பு 2016-இல் 1,728 நோயாளிகளை நலமான 7,199 பேரோடு ஒப்பிட்டது. வேறுபாட்டின் அளவு 0.14 நியம விலக்கம் (ஆளுக்கு ஆள் இயல்பாக உள்ள பரவலை அளக்கும் அலகு). கணக்கிட்டால், கண்ணை மூடி ஒரு நோயாளியையும் ஒரு நலமானவரையும் எடுத்தால், நோயாளியுடையது சிறியதாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 54.

இப்போது தம்பி தங்கைகளின் 20. இரண்டு குழு, 80 சதவீத வாய்ப்போடு வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும் என்றால், 20 பேர் வைத்து 0.9 அளவுள்ள வேறுபாட்டைத்தான் பிடிக்க முடியும். 0.5 என்றால் குழுவுக்கு 64 பேர். 0.14 என்றால் ஏறத்தாழ 800. சிறிய ஆய்வில் தற்செயலாக முடிவு வந்துவிட்டால் இன்னும் ஆபத்து. எல்லையைத் தாண்டிவந்த எண் உண்மையைவிடப் பல மடங்கு பெருத்திருக்கும், அடுத்தவர் செய்தால் திரும்ப வராது.

வளவு

அண்ணே, தலை சுற்றுகிறது. எண்ணிக்கை போதாது என்பது புரிந்தது. ஆனால் முன்னோட்டமாகப் பத்துப் பேரையாவது எடுத்துப் பழகலாம் அல்லவா? ஸ்கேன் அறையில் எங்கே தவறும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

காந்தக்கூடு, எம்ஆர்ஐ டெக்னீஷியன்

பழகுவதற்கு என்றால் தாராளமாக. முடிவு எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

முதல் சிக்கல் அமிக்டலா இருக்கும் இடமே. அதன் அருகிலும் பிராட்மன் 25-க்குக் கீழேயும் மண்டையோட்டில் காற்றறைகள் இருக்கின்றன. காற்றும் திசுவும் சேரும் எல்லையில் காந்தப்புலம் கோணலாகி சிக்னல் விழுந்துவிடும். மனச்சோர்வு ஆராய்ச்சிக்கு வேண்டிய இடங்களே பெரும்பாலும் இந்தக் குழிக்குள் இருப்பதுதான் இந்தத் துறையின் பெரிய கஷ்டம். வழக்கமாக எடுக்கும் 3 மில்லிமீட்டர் வோக்சலில் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) ஒரு பக்க அமிக்டலா அறுபது வோக்சல்தான் தேறும், அதில் பாதி இருட்டாக வந்தால் என்ன மிச்சம்? டிஇ (துடிப்பு கொடுத்ததிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் வரையான நேரம்) 30 மில்லிசெகண்டுக்கு மேல் போகாதீர்கள், முடிந்தால் 25. ஸ்லைஸை ஏசி-பிசி கோட்டிலிருந்து (மூளையின் நடுவில் முன்பின்னாக வரையும் அடையாளக் கோடு) 20, 30 டிகிரி சாய்த்து எடுங்கள். காந்தப்புலக் கோணலை அளக்கும் ஃபீல்டு மேப் கட்டாயம், ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும். முதல் ஆளை எடுத்ததும் மூலப் படத்தைத் திறந்து அமிக்டலா கண்ணுக்குத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி அமைப்பை மாற்றுங்கள். நாற்பது பேர் முடிந்த பிறகு கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

டிஆர் (ஒரு முழு மூளைப் படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி) 2 வினாடி, முதல் ஐந்து வால்யூமை, அதாவது முதல் ஐந்து முழுப் படங்களை, விட்டுவிடுங்கள், சிக்னல் நிலைப்பட அவ்வளவு வேண்டும்.

அடுத்தது அசைவு. அரை மில்லிமீட்டர் தலை ஆடினாலே பொய்யான முடிவு வரும். மனச்சோர்வில் சிலர் கட்டை மாதிரி கிடப்பார்கள், சிலருக்குப் பதற்றத்தில் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க முடியாது. இரண்டு குழுவின் அசைவும் வேறாக இருந்தால் நீங்கள் அளந்தது உணர்ச்சியை அல்ல, ஆட்டத்தை. தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, நெற்றியில் ஒரு டேப்பை லேசாக ஒட்டினால் ஆடும்போது தோல் இழுபடும், அவரே நிறுத்திக்கொள்வார். மூச்சுக்குப் பெல்ட், விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பதிவு செய்யுங்கள், பிறகு கழிக்க உதவும்.

ஆள் வருவதற்கு முந்தைய நாளே போனில் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதில் காக்ளியர் கருவி இருக்கிறதா கேளுங்கள். மூக்குத்தி, மெட்டி, வளையல் கழற்ற வேண்டும். மூக்குத்தி வருஷக்கணக்காக இறுகியிருக்கும், வீட்டிலேயே ஆசாரியிடம் காட்டிக் கழற்றி வரச் சொல்லுங்கள், வாசலில் வந்து போராடினால் அவர் மனநிலையே மாறிவிடும், அது படத்திலும் வரும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சம்மதிப்பாரா என்று மரியாதையாக முன்கூட்டியே கேளுங்கள், மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கண்டாங்கி பருத்திதானே என்று விடாதீர்கள், கரையில் ஜரிகை இருந்தால் மாற்றுடை கொடுக்க வேண்டும். கண்ணாடி போடுபவருக்கு எம்ஆர்ஐக்கான பிளாஸ்டிக் ஃபிரேமில் அதே பவர் வைத்துத் தர வேண்டும், இல்லையென்றால் முகம் மங்கலாகத் தெரியும்.

காபி. கஃபீன் மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும், ஆகவே சிக்னலும் மாறும். அதற்காக அறவே நிறுத்தச் சொல்லாதீர்கள். தினம் மூன்று வேளை குடிப்பவர் நிறுத்தினால் ரத்த ஓட்டம் எதிர்த்திசையில் ஏறும், தலைவலியும் வரும். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு குடிக்கட்டும், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வோக்சல்

முகமா சொல்லா என்ற கேள்விக்கு.

கோபமான, பயந்த முகங்களுக்கு வழக்கமாக வைக்கும் ஹரிரி பயிற்சியில் மேலே ஒரு முகம், கீழே இரண்டு. எது பொருந்துகிறது என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஒப்பீட்டுக்கு வட்டம், நீள்வட்டம். 30 வினாடி பிளாக் ஒன்பது, முகம் 4, வடிவம் 5 என்று வைத்தால் நாலரை நிமிடத்தில் முடியும். ஆனால் கழித்த பிறகு கிடைப்பது முகத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. கோபத்தால் வந்ததா, முகம் என்பதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சாதாரண முகங்களையும் ஒரு பிளாக்காக வையுங்கள். அதிலும் ஒரு நுட்பம்: மனச்சோர்வு உள்ளவர்கள் சாதாரண முகத்தையே சோகமாகப் படிப்பதுண்டு. ஆகவே ஸ்கேனுக்குப் பிறகு, வெளியே, ஒவ்வொரு முகமும் அவருக்கு எப்படிப் பட்டது என்று மதிப்பெண் வாங்குங்கள். மேலைநாட்டு முகங்களின் தொகுப்பை அப்படியே எடுக்காதீர்கள், நம் ஊர் முகங்களில் எடுத்தவை வேண்டும்.

சொல் என்றால் வேலை இன்னும் கூடும். நீளம், புழக்கம், எவ்வளவு எளிதில் மனக்கண்ணில் வருகிறது ஆகிய மூன்றும் சோகச் சொற்களிலும் சாதாரணச் சொற்களிலும் சமமாக இருக்க வேண்டும். "இழப்பு" நாலு எழுத்து, "ஏமாற்றம்" ஐந்து, "தனிமை" மூன்று. இவற்றுக்கு ஈடாகச் "சன்னல்", "பெட்டகம்", "கதவு" என்று எழுத்தெண்ணிச் சேர்க்க வேண்டும். செய்யுள் வழக்கிலுள்ள சொல்லைப் போட்டால் படிக்க எடுக்கும் நேரம் கூடி, படத்தில் வாசிப்பு உழைப்பு தெரியும், உணர்ச்சி தெரியாது. உங்கள் ஆய்வில் சேராத முப்பது நாற்பது பேரிடம், பங்கேற்பாளர்களின் வயதிலும் படிப்பிலும் உள்ளவர்களிடம், ஒவ்வொரு சொல்லுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் வாங்கிய பிறகே பட்டியலை உறுதி செய்யுங்கள்.

மருந்து இன்னொரு குழப்பம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், மனம் தேறுவதற்கு முன்னாலேயே, முதல் வாரத்திலேயே அமிக்டலாவின் எதிர்வினையைக் குறைப்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்மர் குழு காட்டியிருக்கிறது. நோயாளிகளில் பாதிப் பேர் மருந்தில், பாதிப் பேர் இல்லாமல் என்றால் முடிவு ஒன்றையொன்று அடித்துவிடும்.

பள்ளத்தூர் டாக்டர்

இதில் குறுக்கிட்டே ஆக வேண்டும். ஆய்வுக்காக யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த வகையில் ஒன்றான ஃப்ளூக்செட்டின் உடலை விட்டு முழுதாக நீங்கவே ஐந்து வாரம் வேண்டும், அதற்குள் நோய் திரும்பிவிடலாம். மருந்தின் பெயரும் அளவும் எழுதிவைத்துக் கணக்கில் சேர்ப்பதோடு நில்லுங்கள்.

ஐந்தொகை

அறை வேலையெல்லாம் ஒழுங்காகவே நடந்தாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒரே ஆளை, ஒரே பயிற்சியில், சில வாரம் விட்டு இரண்டாவது தடவை எடுத்தால் அதே எண் வருகிறதா? 2020-இல் எலியட் குழு இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, நம்பகத்தன்மை 0.397 (அப்படியே திரும்ப வந்தால் 1). ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து பிரித்துக் காட்ட இது போதவே போதாது. காரணமும் புரியக்கூடியதே: எல்லோருக்கும் ஒரே மாதிரி தூண்டப்பட வேண்டும் என்றுதான் இந்தப் பயிற்சிகளை உருவாக்கினார்கள், அதனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவு.

திருத்தம் செய்யாத புள்ளியியலும் வேண்டாம். ஐம்பதாயிரம் வோக்சலை 0.05 எல்லையில் (நூற்றில் ஐந்து தற்செயலுக்கு இடம்) சோதித்தால் ஒன்றுமே இல்லாத மூளையில் 2,500 இடம் எரிவதாகத் தெரியும். 2009-இல் பென்னட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிப் படங்களைக் காட்டி, அதன் மூளையில் "செயல்பாடு" எடுத்துக் காட்டியது இதற்காகத்தான். பார்க்கப்போகும் இடம், எல்லை, யாரை எந்த அசைவுக்கு நீக்குவது எல்லாவற்றையும் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

இதை நோயறியும் சோதனையாக விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு நோய் என்று வையுங்கள். 70 சதவீதம் சரியாகப் பிடிக்கும், 70 சதவீதம் சரியாக விடும் ஒரு ஸ்கேன் இருந்தால் 35 நோயாளிகள் பிடிபடுவார்கள், கூடவே நலமாக உள்ள 285 பேரும். நோய் என்று சீட்டு வாங்கியவர்களில் ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய்.

பள்ளத்தூர் டாக்டர்

ஐந்தொகையின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் படிக்கும் நோயாளி குடும்பங்கள் இந்த ஆராய்ச்சியே வீண் என்று எடுத்துக்கொள்வார்கள். அது நியாயமில்லை.

மூளையின் மேல் காந்தத் துடிப்பு கொடுக்கும் டிஎம்எஸ் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில், கட்டைவிரல் அசையும் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் காயிலை வைத்தார்கள். தலை பெரிதாக இருப்பவருக்கு அது ப்ரீஃப்ரன்டலுக்குப் போகாமல் பின்னாலேயே நின்றுவிடும். 2012-இல் ஃபாக்ஸ் குழு, இடது ப்ரீஃப்ரன்டலில் எந்தப் புள்ளி பிராட்மன் 25-க்கு எதிர்த்திசையில் ஏறி இறங்குகிறதோ அங்கே கொடுத்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ஒவ்வொருவரின் ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐயை வைத்தே புள்ளியைக் குறித்து, நாளுக்குப் பத்து அமர்வு, அமர்வுக்கு 1,800 துடிப்பு, ஐந்து நாள் கொடுத்தார்கள். 29 பேர் ஆய்வு. நாலாவது வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் 52.5 சதவீதம் குறைந்தது, போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 11.1. படம் நோயைச் சொல்லவில்லை, ஆனால் எங்கே தொட வேண்டும் என்பதைச் சொன்னது.

ஐந்தொகை

டாக்டர், சிகிச்சை வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. படம் பார்த்துக் குறித்ததால்தான் வேலை செய்ததா என்பதே கேள்வி. அந்த ஆய்வில் துடிப்பின் அளவும் வேகமும் சேர்ந்தே மாறியிருக்கின்றன, போலிக்குழுவோடு ஒப்பிட்டதால் படத்தின் பங்கைத் தனியே பிரிக்க முடியாது. பிரித்துப் பார்க்க முயன்ற பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது, 2024-இல் வெளியானது, 255 பேர். ஒரு குழுவுக்கு இணைப்பு வரைபடத்தை வைத்துத் கொத்துக் கொத்தாக வரும் தீட்டா வகைத் துடிப்பு, இன்னொன்றுக்கு வழக்கமான டிஎம்எஸ். 26 வாரத்தில் இரண்டு குழுவும் தேறின, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை.

பிராட்மன் 25-இல் மின்முனை பொருத்திய கதையும் அப்படியே. 2005-இல் மேபர்க் குழுவின் முதல் ஆறு பேரில் நாலு பேர் தேறினார்கள். 2017-இல் வெளியான 90 பேர் ஆய்வில், ஆறு மாதத்தில் மின்சாரம் பெற்றவர்களில் 20 சதவீதம், பெறாதவர்களில் 17 சதவீதம் தேறினார்கள்.

பள்ளத்தூர் டாக்டர்

அந்த 90 பேரில் பலர், மின்சாரம் தொடர்ந்த பிறகு, இரண்டு வருஷத்தில் தேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது ஒப்பீட்டுக் குழு இல்லை, அதனால் நிரூபணம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்கு ஆறு மாதம் போதாத காலமாக இருக்கலாம் என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

வளவு

எல்லோருக்கும் நன்றி. நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். 20க்கு 20 என்பதைக் கைவிடுகிறோம். வேறு ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் வைத்திருக்கும் தரவை ஓப்பன்நியூரோ தளத்திலிருந்து எடுத்து எஃப்எம்ஆர்ஐ பகுப்பாய்வைக் கற்றுக்கொள்கிறோம். ஊரிலேயே, ஸ்கேன் இல்லாமல், உணர்ச்சியும் சிந்தனையும் சேரும் ஒரு பயிற்சியைப் போதிய ஆட்களோடு செய்யலாம் என்று நினைக்கிறோம். இரண்டு முகங்களில் எதன் பக்கம் கவனம் போகிறது என்று பொத்தான் அழுத்தும் வேகத்தால் அளக்கும் டாட்-ப்ரோப் சரியாக வருமா?

ஐந்தொகை

நல்ல முடிவு தம்பி. டாட்-ப்ரோப் வேண்டாம், மில்லிசெகண்டுக் கழித்தலை வைத்து ஓடுவது, அதன் நம்பகத்தன்மை ஸ்கேனைவிட மோசம்.

வோக்சல்

தன்வரலாற்று நினைவுச் சோதனையைப் பாருங்கள். 1986-இல் வில்லியம்ஸும் பிராட்பென்ட்டும் தொடங்கிய ஆய்வுவழி. ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த சம்பவத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்கள் குறிப்பான நாளுக்குப் போகாமல் பொதுவாகவே நின்றுவிடுவார்கள். "திருவிழா" என்றதும் "பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கு வருஷா வருஷம் போவோம்" என்றால் பொது. "போன பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போனோம், மலையேறும்போது தங்கச்சி செருப்பைத் தொலைச்சுட்டா" என்றால் குறிப்பு. "சின்ன வயசில் காரைக்குடியில் இருந்த காலம்" என்பது ஒரு நாளுக்கு மேல் நீண்டது, அதைத் தனி வகையாகக் குறிக்க வேண்டும்.

பத்துச் சொல், ஐந்து இனிமை, ஐந்து துயரம், மாற்றி மாற்றி. சொல்லுக்கு 30 வினாடி, வயதானவர்களுக்கு 60. தொடங்கும் முன் மூன்று பயிற்சிச் சொல், விதி புரிந்துவிட்டது என்று உறுதியான பிறகே உண்மையானவை. பேச்சு வழக்கிலேயே கேளுங்கள், பதிவு செய்யுங்கள். யார் நோயாளி என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா எண் 0.8-க்குக் கீழே இருந்தால் விதிகளைப் பேசித் தீர்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள். குழுவுக்கு 64 பேர் என்பதும் இதில் நடைமுறைக்கு ஒத்து வரும், ஸ்கேன் வாடகை இல்லை.

மூளையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2017-இல் யங் குழு, 36 நோயாளிகளை ஸ்கேனருக்குள் இனிமையான தன் நினைவுகளை எழுப்பச் சொல்லி, ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய இடது அமிக்டலாவின் ஏற்றத்தை அப்போதைக்கப்போதே திரையில் காட்டியது. அதை ஏற்றப் பழகியவர்களுக்கு, வேறோர் இடத்தைக் காட்டிய குழுவைவிட, நோய்க்குறி கூடுதலாகக் குறைந்தது. அமிக்டலா பயத்துக்கு மட்டும் உரியது அல்ல என்பதும் இதில் தெரிகிறது.

பள்ளத்தூர் டாக்டர்

நெறிக்குழுவுக்கு அனுப்பும் முன்வரைவில் ஒன்றைச் சேருங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9-ஐத் தமிழில் நிரப்பியதும், மொத்தத்தைக் கூட்டுவதற்கு முன்பே ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பைப் பற்றிய கேள்வி அது. பூஜ்யம் தவிர எது வந்தாலும் சோதனையை நிறுத்திவிட்டு அவரோடு தனியாகப் பேச வேண்டும், அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது. எந்த மருத்துவர், போன் எண் என்ன, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் யார் என்பதை எழுதி உங்கள் நாலு பேரிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். துயரச் சொல்லில் சோதனையை முடிக்காதீர்கள், பத்தாவது சொல் இனிமையானதாக இருக்கட்டும்.